நண்டை எங்கே அடிக்க வேண்டும்?

2006 மே மாதம் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த இ-3 கண்காட்சியில், பிளேஸ்டேஷன் 3-க்கு வரப்போகும் ஆட்டங்களை சோனிக்காரர்கள் மேடையில் ஓட்டிக் காட்டினார்கள். அதில் ஒன்று 'கென்ஜி'. பழைய ஜப்பானில் நிஜமாகவே நடந்த போர்களை வைத்துச் செய்தது என்று ஒருவர் சொல்கிறார். கொஞ்ச நேரத்தில் திரையில் ஒரு ராட்சச நண்டு வந்து நிற்கிறது! மனிதர் அசரவில்லை. அதன் பலவீனமான இடத்தில் அடித்தால் பயங்கர சேதம் ஆகும் என்று சீரியஸாக விளக்கினார். இணையம் அதைப் பிடித்துக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டியது.

(நண்டுக்கும் ஒரு நியாயம் உண்டு. 1185-ல் தான்-நோ-உரா கடற்போரில் மூழ்கிய ஹெய்க்கே வீரர்கள் நண்டாகப் பிறந்தார்கள் என்று ஜப்பானில் ஒரு கதை இருக்கிறது. அந்தக் கடலோர நண்டு ஓட்டில் நிஜமாகவே முறைக்கிற முகம் மாதிரி தெரியும். அதை நினைத்துத்தான் வைத்தார்களோ என்னவோ.)

எல்லாரும் நண்டைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு உறுத்துவது அடுத்த வரிதான். பலவீனமான இடத்தில் அடி, நிறைய சேதம். ஆக்‌ஷன் விளையாட்டுகளில் பாதி இந்த ஒரே வரியில்தான் காலம் தள்ளுகின்றன. பெரிய பாஸ் வருவார். உடம்பு முழுக்க இரும்பு. முதுகில் மட்டும் ஆரஞ்சு கலரில் ஒரு கட்டி, ஜீரோ வாட் பல்பு மாதிரி மின்னும். சுட்டால் கத்துவார், மண்டி போடுவார். மறுபடி சுடு. மூன்றாவது தடவை செத்துப்போவார். துரியோதனனைத் தொடையில் அடிக்கணும் என்று பீமனுக்குத் தெரிய கிருஷ்ணர் ஜாடை காட்ட வேண்டியிருந்தது. இங்கே துரியோதனனே தொடையில் சீரியல் லைட் கட்டிக்கொண்டு வருகிறான்.

அதனால் ரொம்ப நாளாக என் கட்சி இதுதான்: வீக் பாயிண்ட் எங்கே இருக்கிறது என்று ஆட்டம் காட்டிக் கொடுக்கவே கூடாது, ஆடுபவன்தான் கண்டுபிடிக்கணும். இதை ரூமில் பெருமையாகச் சொன்னபோது நண்பன் ஒரே கேள்விதான் கேட்டான். "அப்போ ஷேடோ ஆஃப் தி கொலாசஸ்?"

கப்சிப். ஏனென்றால் எனக்கு உயிரான ஆட்டம் அது. 2005-ல் பிளேஸ்டேஷன் 2-க்கு ஃபுமிடோ உவேடா செய்தது. அதில் வாளை வெயிலில் தூக்கிப் பிடித்தால் ஒளி குவிந்து, எங்கே குத்தணும் என்று கோடு போட்டே காட்டும். குத்த வேண்டிய இடத்தில் நீல நிறத்தில் ஒரு முத்திரை வேறு ஒளிரும். இதைவிட அப்பட்டமாகக் காட்டிக் கொடுக்க முடியாது.

ஆனால் அங்கே தெரிந்துகொள்வது ஒரு நிமிட வேலை, போய்ச் சேருவதுதான் ஆட்டம். முதல் பூதத்துக்கு உச்சந்தலையில் முத்திரை. நாமோ அதன் கணுக்கால் பக்கத்தில் நிற்கிறோம். காலின் பின்பக்கம் குத்தி அதை மண்டியிட வைத்து, முதுகு ரோமத்தைப் பிடித்து ஏறணும். கைப்பிடி பலம் குறைந்துகொண்டே வரும். அது உடம்பை உலுக்கினால் குத்த முடியாது, தொங்கத்தான் முடியும். வாளை எவ்வளவு நேரம் ஓங்கி வைத்திருக்கிறோமோ அவ்வளவு ஆழமாக இறங்கும், அதற்குள் பிடி நழுவினால் மொத்த உயரமும் கீழே. மூன்றாவது பூதத்திடம் இன்னும் அழகு. அதன் கையில் இருக்கும் காப்பை நம்மால் உடைக்க முடியாது. தரையில் வட்டமாக ஒரு தகடு இருக்கும். அதன் மேல் போய் நின்று, பூதம் வாளை வீசும்போது விலகிவிட வேண்டும். தகட்டில் அடித்த வேகத்தில் அதன் காப்பு அதுவாகவே உடையும்.

ஆக என் கட்சி தப்பு. காட்டுவது குற்றமில்லை. காட்டிய பிறகு நான் செய்வதில் எந்த மாற்றமும் இல்லையென்றால் அதுதான் குற்றம். கண் பார்வை குறைந்தவர்களுக்கும் தினம் அரை மணி நேரம்தான் கிடைக்கிறவர்களுக்கும் அந்த வெளிச்சம் தேவை, அதைப் பிடுங்கச் சொல்ல நான் யார்?

2008-ல் வந்த 'டெட் ஸ்பேஸ்' இன்னும் ஒரு படி மேலே போய், கை கால்களை வெட்டு என்று சுவரில் ரத்தத்தால் எழுதியே வைத்தது. படித்தேன். படித்துவிட்டு முதலில் வந்ததைத் தலையில்தான் சுட்டேன். இத்தனை வருட ஹெட்ஷாட் பழக்கம் விடுமா? தலை போச்சு, உடம்பு நிற்கவில்லை, இன்னும் வெறியோடு வந்தது. பக்கத்தில் நண்பன் "டேய் கையை வெட்டுடா, கையை!" என்று கத்துகிறான். ஹீரோ ஐசக் கிளார்க் ராணுவ வீரன் இல்லை, எஞ்சினியர். அவன் கையில் இருக்கும் பிளாஸ்மா கட்டர் சுரங்க வேலைக்கானது, அறுக்கும் கோட்டைக் கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் திருப்பலாம். காலை வெட்டினால் சாகாது, ஊர்ந்து வரும், ஆனால் நேரம் கிடைக்கும். வயிறு ஊதிப்போன ஒரு ரகம் உண்டு. பார்த்தாலே 'என்னைச் சுடு' என்கிற மாதிரி இருக்கும். சுட்டால் உள்ளிருந்து குட்டிக் குட்டியாக ஒரு படையே கொட்டும்! நம் பழக்கத்தைத் தெரிந்து வைத்த பொறி அது. அவர்களுக்கு என் சல்யூட்.

2017-ல் வந்த 'ஹொரைசன் ஜீரோ டான்' பற்றிக் கொஞ்சம் கலவையான அபிப்பிராயம். ஸ்கேன் செய்தால் இயந்திர மிருகத்தின் பாகங்கள் எல்லாம் கலர் கலராகத் தெரியும், அது பழைய சீரியல் லைட்தான். ஆனால் தண்டர்ஜாவின் முதுகில் இருக்கும் தட்டு எறியும் பீரங்கியை அம்பால் பெயர்த்தால், அது அதைத் திரும்பப் பயன்படுத்த முடியாது. கீழே விழுந்ததை நாமே தூக்கி அதன் மேலேயே சுடலாம். எதை முதலில் கழற்றுவது என்று யோசிக்க வைக்கிறதே, அதற்காக மன்னித்துவிடலாம்.

நண்பனுக்கு இன்னும் சமாதானமில்லை. "எப்படிப் பார்த்தாலும் கடைசியில் அங்கேதானே குத்தறே" என்கிறான். அதற்கு என்னிடம் இருக்கும் பதில் கொலாசஸின் பதிமூன்றாவது பூதம்தான். பாலைவனத்துக்கு மேலே பறக்கும் நீள உடம்பு. அடிவயிற்றில் மூன்று காற்றுப் பைகள். அவற்றை அம்பால் கிழித்தால் தாழ இறங்கும், குதிரையில் பக்கத்திலேயே ஓடி, இறக்கையைப் பிடித்து ஏறணும். அது நம்மை ஒரு தடவை கூடத் தாக்காது. குத்து வாங்கினால் மணலுக்குள் போகும், மறுபடி மேலே வந்து, எதுவும் நடக்காத மாதிரி பறக்கும். இரண்டு பைகளைக் கிழித்துவிட்டு மூன்றாவதைக் குறி வைத்தபடி குதிரை மேல் உட்கார்ந்திருந்தேன். எங்கே அடிக்கணும் என்று தெரியும், எப்படி என்றும் தெரியும். அன்றைக்கு கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன்.