விளிம்பில் எழுத்தில்லாத டாலர்கள்

அமெரிக்காவில் 2007 பிப்ரவரியில் ஜார்ஜ் வாஷிங்டன் உருவம் பதித்த ஒரு டாலர் நாணயம் வெளிவந்தது. ஆண்டு, நாணயச்சாலையின் அடையாள எழுத்து, 'கடவுளை நம்புகிறோம்' என்ற அரசு வாசகம் எல்லாம் அதன் விளிம்பில் இருந்தன. முகப்பையும் பின்புறத்தையும் அடிப்பது ஓர் இயந்திரம். விளிம்பில் எழுத்தைப் பதிப்பது வேறோர் இயந்திரம். சில தொட்டிக் காசுகள் இரண்டாவது இயந்திரத்தின் பக்கமே போகாமல் மூட்டையாகி வங்கிக்குச் சென்றுவிட்டன. ஐம்பதாயிரத்துக்கும் மேல் இருக்கும் என்று அப்போது மதிப்பிட்டார்கள். 'கடவுள் இல்லாத டாலர்' என்று பத்திரிகைகள் பெயர் சூட்டின. முதலில் சில நூறு டாலருக்குக் கைமாறியவை, வரத்து கூடக்கூட ஐம்பது டாலர் அளவுக்கு இறங்கின.

பிழை நாணயம் சேகரிப்பவர் காசு கொடுப்பது இப்படிப்பட்ட தற்செயலுக்குத்தான். லட்சக்கணக்கில் ஒரே மாதிரி அடிக்கும் ஆலையில் ஒன்று தப்பியது, சோதனையையும் ஏய்த்தது, யாரோ ஒருவரின் சில்லறையில் வந்து விழுந்தது. மேலே அச்சிட்ட ஒரு டாலருக்கும் சந்தை தரும் விலைக்கும் இடையிலான தொகை முழுவதும் அந்தக் கதைக்கான கூலி.

2011இல் கதையில் இன்னொருவர் நுழைந்தார். பிலடெல்பியா நாணயச்சாலையின் காவல் அதிகாரி ஒருவர், எழுத்தில்லாத டாலர்களை ஆலைக்குள்ளிருந்து எடுத்துக் கலிபோர்னியாவிலுள்ள நாணய வணிகத்துக்கு 2007 முதல் விற்றுவந்ததை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. விற்பனையின் மதிப்பு சுமார் 24 லட்சம் டாலர். அடுத்த ஆண்டு அவருக்கு மூன்றாண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

அந்தத் தொகையைச் சாதாரண டாலர் காசாகத் திருடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு காசு 8.1 கிராம். 24 லட்சம் காசு என்றால் 19 டன்னுக்கு மேல். லாரி இல்லாமல் வாசலைத் தாண்டாது. பிழைக் காசு என்பதால் அதில் ஒரு சிறு பங்கு சுமையே போதுமானதாக இருந்தது. பொறுக்கி எடுத்தால் லாபம் என்ற நிலையை அவருக்கு உருவாக்கிக் கொடுத்தது சேகரிப்புச் சந்தை. இதைச் சேகரிப்பாளர்கள் பலர் பேச விரும்புவதில்லை.

சேதம் எங்கே விழுகிறது என்று பார்த்தால், அரசுக்கு விழுந்தது மிகக் குறைவு. காசின் முகமதிப்பு ஒரு டாலர். உலோகத்தின் விலை அதற்கும் கீழே. உண்மையில் அடிபட்டவர், வங்கியிலிருந்து நேர்மையாக வந்த காசை நல்ல விலை கொடுத்து வாங்கி வைத்திருந்தவர். அவர் காசையும் காவலர் கொண்டுபோன காசையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் பிரிக்க முடியாது. பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற தரமிடும் நிறுவனங்கள் காசு போலியா அசலா, தேய்மானம் எவ்வளவு என்று சான்று தரும். அது எந்தக் கதவு வழியாக வெளியே வந்தது என்பதற்கு, காசை அடைத்துத் தரும் பிளாஸ்டிக் பெட்டியில் இடமில்லை. அரிதென்று நம்பி வாங்கியதன் அளவை, உள்ளே இருந்த ஒருவர் தன் வசதிப்படி கூட்டிக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரியவருகிறது.

உள்ளிருப்பவரே காசை வெளியே கொண்டுபோவதற்கு வயதும் அதிகம். 1858 வாக்கில் இதே பிலடெல்பியா நாணயச்சாலையில் இரவுக் காவலராயிருந்த தியோடர் எக்ஃபெல்ட் '1804' என்று தேதியிட்ட வெள்ளி டாலர்களை ரகசியமாக அடித்து நாணய வியாபாரிகளிடம் விற்றதாகச் சொல்லப்படுகிறது. விஷயம் வெளியானதும் நிர்வாகம் அவற்றைத் திரும்பப் பெற்றது. மிஞ்சிய ஒன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து 1857ஆம் ஆண்டு வெள்ளிக்காசின் மேலேயே அடிக்கப்பட்டது. வேடிக்கை என்னவென்றால் அதன் விளிம்பிலும் எழுத்து கிடையாது.

திருட்டுப் பொருள் என்று அரசு முடிவெடுத்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1933ஆம் ஆண்டு இருபது டாலர் தங்கக்காசு சாட்சி. அது பிழைக் காசு அல்ல, வெளியிடாமலே உருக்கப்பட்டது. தப்பிய பத்துக் காசுகளை ஒரு நகை வியாபாரியின் வாரிசுகள் சரிபார்க்கக் கொடுத்தபோது அரசு அவற்றைத் திருப்பித் தரவில்லை. எழுபது ஆண்டுகளுக்கு முன் எவர் எடுத்தார் என்பதற்கு நேரடி சாட்சி இல்லாமலே 2011இல் நடுவர் குழு அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2017இல் உச்ச நீதிமன்றமும் வழக்கை ஏற்க மறுத்தது. ஆனால் நாணயச்சாலையில் வேலைபார்த்தவர் மூலமே வெளியே வந்திருக்க வேண்டும் என்று பலரும் கருதும் 1913ஆம் ஆண்டு லிபர்ட்டி ஐந்து சென்ட் காசுகள் ஐந்தும் பறிமுதலானதில்லை. அவற்றில் சில பகிரங்கமாக ஏலம் போயிருக்கின்றன. இரண்டுக்கும் பொதுவான விதி என்னவென்று வாங்குபவருக்கு எவரும் சொன்னதில்லை. எவை முறையாக வெளியே போனவை என்று நாணயச்சாலை அறிவிக்காதவரை, திருடனுக்கு மட்டுமல்ல, நேர்மையான விற்பனையாளருக்கும் மௌனமே கவசமாகிறது. விற்பவரிடம் 'இது எங்கே கிடைத்தது?' என்று கேட்பதை நாகரிகக் குறைவாக நினைக்கும் வழக்கமும் அதற்குத் துணைபோகிறது. ஒரே வகைப் பிழை ஒரே ஆளிடமிருந்து திரும்பத் திரும்ப வந்தால் அது தற்செயலாக இருக்க வாய்ப்பில்லை என்பதற்கு நிபுணத்துவம் தேவையில்லை.

காவலரின் திருட்டுக்கு முன்பே நாணயச்சாலை எடுத்திருந்த நடவடிக்கை வேறு திசையில் போயிற்று. 2003 வாக்கிலிருந்து பிழையானவற்றை உருளைகளுக்கிடையே நசுக்கி, வேஃபிள் பலகாரம் போலக் கோடு விழச் செய்து, உலோகக் கழிவாக விற்கிறது. திருட்டுக்கு வழி குறைந்தது, முழுதும் அடைபடவில்லை. சில்லறையில் தற்செயலாய்க் கிடைக்கும் பிழைகளும் குறைந்தன. அந்த நசுங்கிய காசுகளையும் சேகரிப்பாளர்கள் வாங்குகிறார்கள், தரமிடும் நிறுவனங்களும் பெட்டியில் அடைத்துத் தருகின்றன. எந்த வழியாக வெளியே வந்தது என்பதற்கு ரசீது உள்ள பிழைக் காசு என்றால் இப்போதைக்கு அதுதான்.