மெடலுக்கும் தொழிலாளியே காசு கொடுப்பதா?

தனியார் கம்பெனியில் 20 வருடம் உழைத்தால் பிரெஞ்சு சர்க்கார் வெள்ளி மெடல் தருகிறது. 30 வருடமானால் தங்க முலாம் பூசிய வெள்ளி. 35க்குத் தங்கம். 40க்குப் ‘பெரிய தங்கம்’. உழைப்பின் கௌரவ மெடல் என்று இதற்குப் பெயர். வருடத்தில் இருமுறை, ஜனவரி 1ஆம் தேதிக்கும், பாஸ்டில் சிறை தகர்ந்த ஜூலை 14ஆம் தேதிக்கும், பட்டியல் வெளியாகிறது.

‘தருகிறது’ என்றேன். தவறு. சர்க்கார் தருவது ஒரு சான்றிதழ்க் காகிதம்தான். அதற்கும் தொழிலாளியே மனுப் போட வேண்டும். மெடலைக் காசு கொடுத்து வாங்க வேண்டும்! முதலாளி மனமிரங்கினால் வாங்கிக் கொடுப்பார். இல்லையென்றால் 40 வருடம் உழைத்தவன் தன் சட்டைப் பையைத் துழாவ வேண்டியதுதான். மெடலோடு ரொக்கமும் கொடு என்று சட்டம் எந்த முதலாளியையும் கட்டாயப்படுத்தவில்லை.

இது பிறந்த கதையைக் கேளுங்கள். 1886 ஜனவரியில் தெகாஸ்வில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கூலி வெட்டினால் கொதித்திருந்த கூட்டத்தின் கையில் ஓர் என்ஜினீயர் உயிரிழந்தார். ராணுவம் வந்தது. ஜூன் மாதம் வரை போராட்டம் நீடித்தது. ஜூலை 16ஆம் தேதி மெடல் உத்தரவு பிறந்தது. ஒன்றிலிருந்துதான் மற்றொன்று வந்தது என்று சத்தியம் செய்ய நான் வரவில்லை. தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அவ்வளவுதான்.

அன்றைய நிபந்தனை என்ன? ஒரே ஸ்தாபனத்தில், இடைவிடாமல், 30 வருடம்! வேலைநிறுத்தம் செய்து வெளியேற்றப்பட்டவனுக்கு மெடல் இல்லை. நாலு காசு கூடுதலாகக் கிடைக்குமென்று வேறு ஆலைக்குப் போனவனுக்கும் இல்லை. உழைப்புக்கா இந்தக் கௌரவம், அடக்கத்துக்கா? தொழிலாளி எங்கே போகிறான், வருகிறான் என்று கண்காணிக்க ஏற்பட்ட ‘தொழிலாளி புத்தகம்’ வழக்கொழிந்து வந்தாலும், 1890 வரை சட்டத்தில் இருந்தது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

கிழவனானபின் கஞ்சிக்கு வழி? அதற்கான முதியோர் பென்ஷன் சட்டம் 1910இல்தான் வந்தது. மெடலுக்கு 24 வருடம் பின்னால்! அதுவும் 65 வயதில். அந்த வயதை எட்டும் தொழிலாளி எத்தனை பேர்? செத்தவர்களுக்குப் பென்ஷனா என்று அந்நாட்டுத் தொழிற்சங்க சம்மேளனமே கேட்டது.

ஆனால் மெடலை மார்பில் குத்திக்கொள்ளும் கிழத் தொழிலாளியைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். நமது இளம் தோழர்கள் சிலருக்கு அந்தக் கெட்ட பழக்கம் உண்டு. 40 வருடம் யந்திரத்தோடு மல்லாடியவனுக்குத் தன் உழைப்பில் பெருமை இருக்கிறது, இருக்கவும் வேண்டும். அந்தப் பெருமையை முதலாளி மலிவு விலைக்கு வாங்கப் பார்ப்பதுதான் நமது வழக்கு.

பிரெஞ்சுத் தொழிலாளிகள் மெடலைத் தூக்கி எறியவில்லை. அதற்கு விலை பேசினார்கள். பல தொழில்களில் கூட்டு ஒப்பந்தத்திலேயே மெடலுக்கு இவ்வளவு போனஸ் என்று எழுத வைத்தார்கள். ஒரே முதலாளியிடம் என்ற நிபந்தனையும் படிப்படியாகத் தளர்ந்து, 2000இல் எத்தனை முதலாளிகளிடம் உழைத்திருந்தாலும் சரி என்றாயிற்று.

அதே சர்க்கார் 2023இல் என்ன செய்தது? பென்ஷன் வயதை 62லிருந்து 64ஆக உயர்த்தச் சட்டம் கொண்டுவந்தது. கீழ்ச்சபையில் அதை ஓட்டுக்கே விடாமல் நிறைவேற்றிக்கொண்டது. லட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். 30, 40 வருடம் உழைத்தவர்களுக்குத்தான் அந்த இரண்டு வருடத்தின் கனம் தெரியும்.