"ஐ ஹேவ்" பாடம்தான், ஆனால் வாயில் வருவதில்லையே!



போன கிழமை எங்கள் வகுப்பு மாணவி ஒருவர் தன் உம்மாவைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். தரம் 10 படிக்கிற பிள்ளை. டொக்டருக்குத் தமிழ் வராது, உம்மாவுக்கும் மகளுக்கும் சிங்களம் வராது. "உம்மாவுக்குச் சீனி வருத்தம் இருக்கு, இப்ப காய்ச்சலும் இருக்கு." பிள்ளை இங்கிலிசில் சொல்ல வேண்டியிருந்தது இவ்வளவுதான். "மை மதர் இஸ் ஃபீவர்... மை மதர் ஹேவிங்..." என்று தொடங்கியவர், பின்னால் வரிசையில் நின்ற யாரோ சிரித்ததும் வாயை மூடிவிட்டார். சீனி வருத்தத்தைப் பற்றிச் சொல்லவேயில்லை. நல்ல வேளை, தமிழ் தெரிந்த ஒருவர் இடையில் வந்து விளங்கப்படுத்தியிருக்கிறார்.

மறுநாள் எங்களிடம் வந்து சொன்னார்: "டீச்சர், ஐ ஹேவ், யூ ஹேவ், ஹீ ஹேஸ் எல்லாம் எனக்குப் பாடம். ஆனா அங்க வரல்ல."

அந்தப் பிள்ளையில் பிழையில்லை, உறவுகளே. பிழை எங்களில். "ஹேவ்" என்ற சொல்லை வாய்பாடு மாதிரிப் பாடமாக்கக் கொடுத்தோம். அது எங்கள் வாழ்க்கையில் எந்த இடத்தில் வரும் என்று காட்டிக் கொடுக்கவில்லை.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். "ஹேவ்" என்பதற்கு நேரான வினைச்சொல் தமிழில் இல்லை. "எனக்குக் காய்ச்சல் இருக்கு", "என்னட்ட காசு இருக்கு" என்றுதான் சொல்கிறோம். சிங்களத்திலும் அப்படித்தான், "மட்ட உண தியெனவா". வளைகுடா நாடுகளில் வேலை செய்து வந்த எங்கள் நானாமாருக்குத் தெரியும், அரபியிலும் "இந்தீ" என்றால் "என்னிடம்" என்றுதான் பொருள். எங்கள் காதில் விழுகிற மூன்று மொழிகளிலும் பொருள்தான் "இருக்கிறது". இங்கிலிஸ்காரன்தான் ஆளை முன்னால் நிறுத்தி "ஐ ஹேவ்" என்கிறான். பிள்ளை தடுமாறுகிற இடம் இதுதான். இதை ஒருமுறை தமிழில் விளங்கப்படுத்தினால் பாதி வேலை முடிந்தது.

நாங்கள் இப்போது வகுப்பில் சொல்லிக் கொடுக்கும் முறையை இங்கே தருகிறோம். வீட்டிலும் செய்து பார்க்கலாம்.

1. தமிழ் வசனத்தில் "எனக்கு", "என்னட்ட" வந்து "இருக்கு" என்று முடிந்தால் பெரும்பாலும் "ஐ ஹேவ்". எனக்கு இரண்டு தம்பி இருக்கு: "ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்". எனக்குக் காய்ச்சல்: "ஐ ஹேவ் அ ஃபீவர்". "ஐ ஆம் ஃபீவர்" என்றால் "நான்தான் காய்ச்சல்" என்று ஆகிவிடும்.

2. "வகுப்பில", "வீட்டில" என்று இடம் வந்தால் "ஹேவ்" வேண்டாம். எங்கட வகுப்பில 40 பிள்ளைகள் இருக்கு: "தேர் ஆர் ஃபோர்ட்டி சில்ட்ரன் இன் அவர் கிளாஸ்". "இன் அவர் கிளாஸ் ஹேவ்" என்று எழுதிப் புள்ளி இழக்கும் பிள்ளைகள் ஏராளம்.

3. "இருக்கு" என்ற பொருளில் வரும்போது "ஹேவிங்" வராது. "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்" பிழை. ஆனால் "ஐ ஆம் ஹேவிங் லன்ச்" சரி. ஏனென்றால் அங்கே "ஹேவ்" என்பது சாப்பிடுகிற வேலை, சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். தம்பிமாரை யாரும் சாப்பிட்டுக்கொண்டிருப்பதில்லை! இதைச் சொன்னால் வகுப்பே சிரிக்கும், பிறகு மறக்காது.

4. உம்மாவுக்கு, வாப்பாவுக்கு என்று வேறு ஒருவரைப் பற்றிப் பேசினால் "ஹேஸ்". "மை மதர் ஹேஸ் டயபிடீஸ்." கேள்வியில் மட்டும் "டஸ் ஷீ ஹேவ்?" ஏனென்றால் அந்த "ஸ்" சத்தத்தை "டஸ்" முதலிலேயே எடுத்துக்கொண்டது. இல்லை என்று சொல்ல "ஐ டோன்ட் ஹேவ்", "ஷீ டஸின்ட் ஹேவ்".

5. எனக்குப் போக வேண்டியிருக்கு: "ஐ ஹேவ் டு கோ". பாருங்கள், இங்கேயும் "எனக்கு... இருக்கு" வந்துவிட்டது!

"பிழையாகப் பேசினாலும் டொக்டருக்கு விளங்குந்தானே, இலக்கணம் எதற்கு?" என்று சிலர் கேட்பார்கள். பாதி உண்மை. "மை மதர் ஹேவிங் ஃபீவர்" என்றாலும் டொக்டருக்கு விளங்கும். பேசாமல் நிற்பதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். ஆனால் சரியான வசனம் கையில் இருந்தால் பிள்ளை தயங்காது, சிரிப்புக்கும் பயப்படாது. சாதாரண தரப் பரீட்சையிலும் நேர்முகப் பரீட்சையிலும் இதே வசனங்கள்தானே வரும்?

"இங்கிலிஸ் பாடத்தில் தமிழ் பேசக்கூடாது" என்று இன்னொரு பக்கம் சொல்வார்கள். கலாசாலையிலிருந்து வெளியே வரும்போது எங்களில் பலருக்கும் அந்த எண்ணந்தான் இருந்தது. இப்போது மாறிவிட்டோம். முழுப் பாடத்தையும் தமிழில் நடத்தச் சொல்லவில்லை. இப்படித் தடுக்குகிற இடத்தில் இரண்டு நிமிடம் தமிழில் சொன்னால், மிச்சம் 38 நிமிடமும் பிள்ளை இங்கிலிசில் பேசும்.

1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் ஆங்கிலத்தை எங்கள் நாட்டின் இணைப்பு மொழி என்று சொல்கிறது. தமிழ் பேசும் ஓர் உம்மாவும் சிங்களம் பேசும் ஒரு டொக்டரும் சந்திக்கிற அந்தச் சின்ன அறையில்தான் இந்தச் சொல்லுக்கு அர்த்தம் இருக்கிறது. அந்த இடத்தில் எங்கள் பிள்ளை ஊமையாக நின்றால், எத்தனை ஏ எடுத்து என்ன பயன்?

பெற்றோர்களே, இன்றிரவு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். வீட்டில் யாருக்கு என்ன வருத்தம், என்ன மருந்து என்று மூன்று வசனங்களைப் பிள்ளையிடம் இங்கிலிசில் சொல்லச் சொல்லுங்கள். பிழை வந்தால் வசனத்தை முடிக்க விடுங்கள், பிறகு திருத்துங்கள். உங்களுக்கே தெரியாவிட்டால் வெட்கப்பட வேண்டாம், பிள்ளையோடு சேர்ந்து படியுங்கள்.

ஊர் மக்களிடம் ஒரு வேண்டுகோள். வரிசையில் நிற்கும்போது ஒரு பிள்ளை பிழையாக இங்கிலிஸ் பேசினால் தயவுசெய்து சிரிக்காதீர்கள். தெரிந்தால் பக்கத்தில் போய் மெதுவாக எடுத்துக் கொடுங்கள். அன்று அந்தச் சிரிப்பினால் ஓர் உம்மாவின் சீனி வருத்தம் சொல்லப்படாமல் போகப் பார்த்தது.

அந்த மாணவி இப்போது அந்த இரண்டு வசனங்களையும் தடங்காமல் சொல்கிறார். அல்ஹம்துலில்லாஹ். அடுத்த கிளினிக்கிற்கும் அவர்தான் உம்மாவைக் கூட்டிப் போகிறார்.

வஸ்ஸலாம்.