கூரைக்கு உடையவரே பொறுப்பாளி

சிமென்ட் ஷீட் வேய்ந்த கொட்டகையின் மேலேறி, ஒழுகும் இடத்தை அடைக்க முற்பட்ட தொழிலாளி, காலடியில் ஷீட் உடைந்து விழுந்து மாண்டார் என்ற செய்தியைப் படிக்கும்போதெல்லாம், அவருடைய அஜாக்கிரதை என்றோ தலைவிதி என்றோ கருதி அடுத்த செய்திக்குப் போய்விடுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. காரணங்களைச் சற்றே ஆராய்கிறவர்களுக்கோ, விதிக்கு அதில் யாதொரு பங்கும் இல்லை என்பதும், தடுக்கும் உபாயங்கள் அனைத்தும் மனிதர் கைவசமே இருந்தன என்பதும் விளங்கும்.

வெயிலிலும் மழையிலும் பல்லாண்டு கிடந்த ஷீட், பார்வைக்குக் கெட்டியாகத் தோன்றினாலும், ஆள் பாரத்தைத் தாங்கும் என்று நம்பத்தக்கதன்று. ஆகையால் போல்ட் வரிசையைக் குறிவைத்து, அடியில் ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களான பர்லின்களின் மேலேயே கால் பதித்து நடப்பது தொழிலாளர் வழக்கம். வெளிச்சத்துக்காக இடையிடையே பதித்த ஒளிபுகும் தகடுகள் தூசியும் பாசியும் படிந்து மற்றவற்றோடு நிறத்தில் ஒன்றிவிட்டால், எங்கே ஆபத்து அதிகம் என்று அறிவதும் அரிதாகிறது. இருபது அடி உயரத்திலிருந்து விழுகிறவர் ஏறக்குறைய ஒரு வினாடியில், மணிக்கு 40 கிலோமீட்டரை நெருங்கும் வேகத்தோடு தரையில் மோதுகிறார். எத்தகைய அனுபவசாலியும் அதற்குள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. எனவே, பாரத்தைப் பர்லின்களுக்குப் பகிர்ந்தளிக்கும் நடைபலகைகளும், கூரைக்கடியில் கட்டிய வலையும், உறுதியான இடத்தில் பிணைத்த கயிறோடு கூடிய பெல்ட்டும் அவர் ஏறுமுன்பே சித்தமாயிருக்க வேண்டும். கொக்கியை மாட்ட இடமில்லாத பெல்ட்டினால் யாதொரு பிரயோஜனமும் இல்லை.

சட்டம் இதை அறியாததன்று. உயரத்தில் வேலை செய்கிறவர் விழக்கூடுமாயின் வேலி முதலிய பாதுகாப்பைச் செய்யவேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே விதித்தது. கட்டடத் தொழிலாளருக்கென்று 1996-இல் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. ஆனால் பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களுக்கே அது பொருந்துமென்று வரம்பு கட்டிற்று. 2020-இல் இயற்றிய தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அந்தப் பத்துப் பேர் கணக்கைக் கைவிடவில்லை. ஷீட் மாற்றுகிற வேலையோ, ஒரு மேஸ்திரியும் மூன்று நான்கு ஆட்களுமாகச் சேர்ந்து ஓரிரு நாளில் முடித்துவிடும் காரியம். அபாயம் மிகுந்த தொழிலே இவ்வாறு சட்டத்தின் எல்லைக்கு வெளியே நிற்கிறது.

வேலையை மேஸ்திரியிடம் ஒப்படைத்ததோடு தம் கடமை தீர்ந்தது என்று கட்டட உடைமையாளர் கருதுவது நியாயமன்று. குறைந்த தொகைக்கு ஒப்புக்கொண்ட மேஸ்திரியால் வலையை விலைக்கு வாங்கவும் இயலாது. ஆட்கள் எத்தனை பேராயினும், பாதுகாப்புக்கு உடைமையாளரே பொறுப்பாளி என்று அரசு விதிக்க வேண்டும். 1994 முதல் இயங்கிவரும் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம், கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒன்று வீதம் வசூலாகும் நிதியிலிருந்து பலகைகளும் வலைகளும் வாங்கி, சொற்ப வாடகைக்குத் தாலுகாதோறும் வழங்கலாம். மாண்டபின் குடும்பத்துக்கு நிதி அளிப்பது அவசியமே. அதே நிதியால் உயிரைக் காப்பது அதனினும் அவசியம்.

அரசு செய்யும்வரை நாம் காத்திருக்க வேண்டுவதில்லை. மழைக்கு முன் கூரையைச் செப்பனிட நினைக்கும் ஒவ்வொருவரும், கூலி எவ்வளவு என்று விசாரிப்பதற்கு முன்பு, பலகையும் வலையும் உண்டா என்று விசாரிக்கட்டும்; இல்லையெனில், ஏணியைச் சாத்துவதற்கே அனுமதி மறுக்கட்டும்.