கங்காணிக்கு மறுபிறவியா?

கடல் தாண்டினால் தீட்டு என்றிருந்த காலம் ஒன்று உண்டு. கணக்கிலே உலகை வியக்க வைத்த கும்பகோணத்து இராமானுசன், கேம்பிரிட்ஜ் அழைத்தபோது உடனே புறப்படவில்லை. அறிவுக்குப் பஞ்சமா? இல்லை. ஆர்வத்துக்குப் பஞ்சமா? அதுவும் இல்லை. ஆசாரம் காலைக் கட்டியது! தாயின் இசைவு கிடைத்த பிறகே, 1914ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சென்னையில் கப்பல் ஏறினான் அந்த மேதை.

இன்றோ, சென்னை விமான நிலையத்துக்கு அருகே பழவந்தாங்கலில் 'விசா கணபதி' எழுந்தருளியிருக்கிறார்! அவரை வணங்கி எழுந்தால் அமெரிக்காவின் வாயில் திறக்குமாம். கடலைத் தடுத்த வைதிகம், இன்று கடல் கடப்போனுக்கு வழியனுப்பு விழா நடத்துகிறது. சாத்திரத்தைத் திருத்தி எழுதிவிட்டார்களா? ஏட்டிலே ஓர் எழுத்தும் மாறவில்லை. டாலரின் மதிப்புத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்!

தஞ்சைத் தரணியில் மன்னார்குடி முதல் மயிலாடுதுறை வரை திருமண வீடுகளில் இன்று பெருமையுடன் பேசப்படும் பேச்சு: "பையன் அமெரிக்காவில் சொந்தக் கம்பெனி வைத்திருக்கிறான், கணினித் தொழில்." கேட்டவுடன் ஒரு சாரார், பூர்வ புண்ணியம் என்கிறார்கள், பரம்பரை மூளை என்கிறார்கள். மற்றொரு சாரார், சோறு போட்ட மண்ணை மறந்தவன் என்று தூற்றுகிறார்கள். புகழுரை, வசையுரை இரண்டையுமே நாம் மறுக்கிறோம்.

போவது குற்றமன்று. காவிரிப்பூம்பட்டினத்தில் கலங்கள் நின்ற நாடு இது. நாகையில் ஸ்ரீவிசய மன்னன் எழுப்பிய சூடாமணி விகாரத்தை இராசராசன் காலத்தில் கண்ட நாடு இது. தொழிலின் இயல்பும் அப்படித்தான் இருக்கிறது. வங்கியின் கணக்கையும் மருத்துவமனையின் பதிவேட்டையும் கணினி வழியாக நடத்தித் தருவது கும்பகோணத்தில் உட்கார்ந்தே செய்யக்கூடிய வேலை. ஆனால் வேலை தருபவன் நியூயார்க்கில் இருக்கிறான். தன் நாட்டுச் சட்டப்படி பதிவு பெற்ற நிறுவனத்துடனேயே ஒப்பந்தம் எழுத விரும்புகிறான். முதல் போடுகிறவனும் அங்கேதான் இருக்கிறான். ஆகவே தலை அங்கே, கை இங்கே!

திருச்சியிலே பிறந்து, இன்று சாஸ்த்ரா எனப்படும் தஞ்சைச் சண்முகா பொறியியற் கல்லூரியில் பயின்ற கிரீஷ் மாத்ருபூதம், 2010இல் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனம் தொடங்கினார். பின்னர் 'பிரெஷ்வொர்க்ஸ்' என்று பெயர் பெற்ற அது, கலிபோர்னியாவைத் தலைமையிடமாகக் கொண்டு, 2021 செப்டம்பரில் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. பங்கு பெற்றிருந்த ஊழியர்களில் ஐந்நூறுக்கு மேற்பட்டோர் அன்று கோடீசுவரர் ஆயினர் என்று அவரே அறிவித்தார். கடல் கடந்த நிறுவனம் உழைத்தவருக்கும் பங்கு தந்தது. நன்று! இதனை யார் குறை கூறுவர்?

குறை கூற வேண்டியது வேறொரு வகையாரை. நாகைத் துறைமுகத்துக் கதை அறிந்தோர்க்கு அவர்களை எளிதில் அடையாளம் தெரியும்.

மலேயாவின் இரப்பர்த் தோட்டத்தில் தானும் கூலியாக இருந்தவன், துரையிடம் உரிமச்சீட்டுப் பெற்று ஊர் திரும்புவான். பளபளக்கும் சட்டையும் பணப்பையுமாகத் தெருவில் நடப்பான். தன் ஊரார், தன் சாதியார், தன் உறவினர் எனப் பார்த்து ஆள் திரட்டுவான். வழிச்செலவுக்கு அவன் தந்த முன்பணமே கடனாகிக் கழுத்தை நெரிக்கும். ஆள் சேர்த்ததற்குத் தரகு. அவர்கள் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் தலைக்காசு. அவன் பெயர் கங்காணி! உடலுழைப்புக்கு ஆள் அனுப்பும் அந்த முறைக்கு 1938இல்தான் இந்திய அரசு தடை போட்டது.

இன்று நியூசெர்சியிலும் டெக்சாசிலும் சிலர் நடத்தும் 'கம்பெனி'யைப் பாருங்கள். அலுவலகம் ஓர் அறை. கருவி ஒரு மடிக்கணினி. தானும் ஊழியனாகப் போனவன், ஊர்ப் பிள்ளைகளை எச்-1பி விசாவில் அழைத்துப் பிற நிறுவனங்களுக்கு மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறான். அந்நிறுவனம் மணிக்கு இத்தனை டாலர் என்று தருகிறது. இடையிலே இருவர் மூவர் கை வைத்த பின் எஞ்சியது உழைத்தவனுக்கு! வேலை இல்லாத நாள்களுக்குப் 'பெஞ்சு' என்று பெயர். அந்நாள்களுக்கும் ஊதியம் தரவேண்டும் என்கிறது அமெரிக்கச் சட்டம். கேட்கத் துணிவு வருமா? விசா முதலாளியின் விண்ணப்பத்தில் தொங்குகிறது! வேலை போனால் 60 நாளுக்குள் வேறு முதலாளியைத் தேட வேண்டும். இல்லையேல் மூட்டை கட்ட வேண்டும்.

பாபநாசத்துப் பக்கம் நாம் அறிந்த உழவர் ஒருவர், மகனை இப்படி அனுப்ப மூன்று மா நிலத்தை ஒத்தி வைத்தார். பயிற்சிக் கட்டணம் என்றார்கள், கட்டினார். பதிவுக் கட்டணம் என்றார்கள், அதையும் கட்டினார். மகன் போனான், எட்டுத் திங்களில் திரும்பினான். நிலம் திரும்பவில்லை! தோட்டம் இல்லை, இரப்பர் இல்லை, பிரம்பும் இல்லை. ஆனால் தலைக்காசு இருக்கிறது. இதற்குத் தொழில்முனைவு என்று பெயர் சூட்டிப் பாராட்டு விழாவா எடுப்பது?

இன்னொன்றும் கேட்கிறோம். இந்த வாயில் யாருக்குத் திறந்திருக்கிறது? திருச்சி விமான நிலையத்துக்கு வந்து நில்லுங்கள். சிங்கப்பூரில் கட்டடம் கட்டவும் வளைகுடாவில் பாரம் சுமக்கவும் கடன்பட்டுப் போகும் இளைஞர் வரிசையில், முன்னாள் பண்ணையாட்களின் பேரப்பிள்ளைகள் எத்தனை பேர்! சவுக்கடியும் சாணிப்பாலும் கண்ட சேரி அது. பண்ணையாள் பாதுகாப்புக்கு 1952இல் சட்டம் வந்த பின்னரும், 1968இல் கீழ்வெண்மணியில் 44 உயிர்களைத் தீக்கு இரையாகக் கொடுத்த சேரி அது. மடிக்கணினியோடு போகிறவன் மூளையால் போகிறானாம், மண்வெட்டி பிடிக்கப் போகிறவன் விதியால் போகிறானாம்!

மூளை பரம்பரைச் சொத்தென்றால், முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு 2010இல் கட்டணச் சலுகை கிடைத்ததும் குடிசைகளில் பொறியாளர் தோன்றியது எப்படி? அரசுப் பள்ளி மாணவர்க்குத் தொழிற்கல்வியில் 2021 முதல் 7.5 விழுக்காடு ஒதுக்கியதும் கல்லூரி வாசல் அவர்களுக்குத் திறந்தது எப்படி? 1997இல் தகவல் தொழில்நுட்பக் கொள்கை வகுத்ததும், 2000இல் தரமணியில் டைடல் பூங்காவைத் திறந்ததும் மக்களின் அரசு. மக்கள் வரிப்பணத்தில் ஏணி கட்டினார்கள். ஏறியவன் ஏணியைத் தன் பாட்டன் சொத்து என்கிறான்!

ஏறிய இடத்துக்குச் சாதியையும் சுமந்து செல்கிறான். சாதிப் பாகுபாட்டைத் தடுக்க 2023இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரமன்றம் சட்டம் இயற்ற நேர்ந்தது, அந்நாட்டில் முதல் நகரமாக. வெள்ளையரா அங்கே சாதியை விதைத்தார்? நம்மவர் பெட்டியில் வைத்துக் கொண்டுபோன சரக்கு அது. வெட்கம்!

இப்போது வாயிலும் குறுகிவிட்டது. 2025 செப்டம்பரில், புதிய எச்-1பி விண்ணப்பத்துக்கு ஓர் இலட்சம் டாலர் கட்டணம் என்று அமெரிக்க அதிபர் அறிவித்தார். அழுது பயனில்லை. ஆள் போக முடியாவிட்டால் வேலையை இங்கே வரவழைப்போம்! தஞ்சையில் 2024 செப்டம்பரில் சிறிய டைடல் பூங்கா திறக்கப்பட்டது. கட்டடம் தயார், அதை நிரப்ப வேண்டியவர் கடல் கடந்து வென்ற தஞ்சை மக்களே.

வழியும் இருக்கிறது. தஞ்சை மாவட்டத்துக் குடும்பத்தில் பிறந்து அமெரிக்கா சென்ற ஸ்ரீதர் வேம்புவின் கருத்துகள் பலவற்றோடு நாம் உடன்படாதிருக்கலாம். ஆயினும் அவரது சோகோ நிறுவனம், பட்டம் கேளாமல், பள்ளிப் படிப்பு முடித்தோரை உதவித்தொகை தந்து பயிற்றும் பள்ளியை 2005 முதல் நடத்துகிறது; தென்காசிப் பக்கத்துச் சிற்றூரிலும் பணியிடம் அமைத்தது. தென்காசிக்குச் சென்ற வேலை திருவாரூருக்கு வரலாகாதா?

கடல் கடந்து தொழில் தொடங்கும் நண்பர்களே! ஆளை வாடகைக்கு விட்டுத் தலைக்காசு தின்னாதீர். செய்து முடித்த வேலைக்கு விலை பெறுங்கள். உழைப்பவருக்குப் பங்கு எழுதுங்கள். பத்து இடம் இருந்தால், பாதியையேனும் நிலமற்றோர் வீட்டுப் பிள்ளைகளுக்கும், கல்லூரி முடித்தும் அடுப்படிக்குத் திரும்பும் பெண்களுக்கும் தாருங்கள். பிள்ளையை அனுப்பும் பெற்றோரே! விசா கணபதிக்கு உடைக்கும் தேங்காயை விட்டு, ஒப்பந்தத் தாளை ஒருமுறை ஊன்றிப் படியுங்கள்.

நாகைத் துறையில் கங்காணியின் கப்பல் நின்று எத்தனையோ ஆண்டாயிற்று. அவனை விமானத்தில் ஏற்றி அனுப்பும் பழி தஞ்சைக்கு வேண்டாம்!