பல் டாக்டருக்கும் ஒரு அமாவாசை வேணும்

1/ போன ஞாயிறு ராத்திரி ஒன்பதரை மணி. ஷட்டரைப் பாதி இறக்கிட்டேன். ஒருத்தர் குனிஞ்சு எட்டிப் பார்த்து, "டாக்டர் இருக்காரா?" மூணு மாசமா வலிக்கிற கடைவாய்ப் பல்லாம். அன்னைக்கே பிடுங்கணுமாம். திரும்ப ஷட்டரைத் தூக்கினேன். அதுதான் தப்பு. ஏன்னு சொல்றேன்.

2/ ரெண்டு பல் பக்கத்துப் பக்கத்துல சொத்தை. ஒண்ணு தேறாது. இன்னொண்ணை வேர் சிகிச்சை பண்ணிக் காப்பாத்தலாம். ஊசி போட்டாச்சு, ஃபோர்செப்ஸும் கையில. அசிஸ்டெண்ட் பொண்ணு மெதுவா, "சார், பின்னாடி பல்லுதானே?"

நான் பிடிச்சிருந்தது முன்னாடி பல்லை.

3/ காலையில பத்து மணிக்கு உட்கார்ந்தவன். அது எனக்குப் பன்னிரண்டாவது மணி நேரம். அந்தப் பொண்ணு வாயைத் திறக்கலைன்னா, ஒரு நல்ல மனுஷன் காப்பாத்த வேண்டிய பல்லை இழந்திருப்பார்.

4/ "சொந்த க்ளினிக்தானே, நினைச்சா லீவு போடலாமே?" போடலாம். ஆனா சேர், கம்ப்ரசர், எக்ஸ்ரேன்னு வாங்கின கடனுக்கு ஞாயிறு தெரியாது. வாடகை, சம்பளம், லேப் பில் எதுவும் நிக்காது. ஒரு நாள் மூடினா வரவு மட்டும் பூஜ்யம்.

5/ இது பாதி உண்மை. மீதி, பயம். நாம மூடினா எதிர் க்ளினிக்குக்குப் போயிடுவாங்கன்னு பயம். அவர் ஒன்பதுன்னா நான் ஒன்பதரை. நான் ஒன்பதரைன்னா அவர் பத்து. இதுக்கு நாங்க வெச்ச பேரு சேவை.

6/ 2023 ஏப்ரல்ல 12 மணி நேர வேலைக்கு வழிவிடுற சட்டத்திருத்தம் நம்ம சட்டமன்றத்துல நிறைவேறுச்சு. எதிர்ப்பு கிளம்பி, மே 1 அன்னைக்கு வாபஸ் ஆச்சு. சரியா நூறு வருஷம் முன்னாடி, 1923 மே 1ல், சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில மே தினம் கொண்டாடின மண்ணு இது.

நானும் எதிர்த்துப் பதிவு போட்டேன். க்ளினிக்ல உட்கார்ந்து, ராத்திரி ஒன்பது மணிக்கு.

7/ உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021ல் சொன்னது: வாரம் 35-40 மணி நேரம் வேலை செய்றவங்களைவிட, 55 மணி நேரமும் அதுக்கு மேலயும் செய்றவங்களுக்குப் பக்கவாத ஆபத்து 35% அதிகம். இதய நோயால சாகுற ஆபத்து 17% அதிகம். ஞாயிறு சேர்த்தா என் கணக்கு 70ஐத் தாண்டுது. நோயாளிக்கு பிரஷர் பார்க்கச் சொல்ற ஆளு நான்.

8/ எனக்காவது "ராசியான டாக்டர்"னு பேரு கிடைக்குது. அந்தப் பொண்ணுக்கு? கடைசி பஸ் போனா அவங்க அப்பா பைக்ல வரணும். நான் ஷட்டரைத் தூக்கினப்போ அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கல. சக டாக்டர்களே, நம்ம தியாகத்துல பாதி அடுத்தவங்க நேரம்.

9/ நம்ம ஆரணியில இதுக்கு விடை ஏற்கெனவே இருக்கு. என்கிட்ட வர்ற ஒரு வயசான நெசவாளர் கேட்டார்: "டாக்டர் தம்பி, உங்களுக்கு என்னைக்கு லீவு? நாங்க அமாவாசைக்குத் தறியில உட்கார மாட்டோம்."

அவருக்கும் நெய்தாத்தான் கூலி. அவருக்கும் கடன் உண்டு. பாவைக் குனிஞ்சு பார்த்து அவர் கழுத்து போச்சு, வாயைக் குனிஞ்சு பார்த்து என் கழுத்து போச்சு. ஆனா அவரால நிறுத்த முடியுது. ஏன்னா தெருவே சேர்ந்து நிறுத்துது. எல்லாத் தறியும் நின்னா யாருக்கும் நஷ்டம் இல்ல.

10/ "வலி நேரம் பார்த்தா வரும்?" நியாயமான கேள்வி. முகம் வீங்கி கண்ணுக்கோ கழுத்துக்கோ பரவுது, காய்ச்சல், வாய் திறக்கல, ரத்தம் நிக்கலைன்னா எந்த நேரமும் கிளம்புங்க. மூச்சு விடவோ விழுங்கவோ சிரமம்னா நேரா பெரிய ஆஸ்பத்திரி, 108 கூப்பிடுங்க. அடிபட்டு நிரந்தரப் பல் முழுசா விழுந்தா, வேரைத் தொடாம எடுத்துப் பால்ல போட்டு, ஒரு மணி நேரத்துக்குள்ள வாங்க. மூணு மாச வலி அவசரம் இல்ல. அது தள்ளிப்போட்டது.

11/ பகல்ல தறியை விட்டு வர முடியாதுன்னு எனக்கும் தெரியும். அதனால செவ்வாய், வெள்ளி மட்டும் எட்டு மணி வரை. மத்த நாள் ஆறரை. ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை போர்டு மாறுது.

12/ எதிர் க்ளினிக் டாக்டருக்கு: சார், இந்த ஊர்ல நாம எல்லாரும் முறை வெச்சு, ஞாயிறுக்கு ஒருத்தர் மட்டும் திறக்கலாம். மத்தவங்க வீட்ல இருக்கலாம். பேசுவோம், டீ என் செலவு.

ராத்திரி ஒன்பதரைக்கு வேண்டாம்.