குத்தகை முடியும்போது சங்கம் இருக்குமா?

கொழும்பில் அடுக்குமாடி கட்டி விற்கும் கம்பனிகள் இப்போது வீட்டோடு சேர்த்து ஒரு சமூகத்தையும் விற்கின்றன. முற்பணம் கட்டியவுடன் வாங்கியவரை வட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிடுகிறார்கள். சாவி கைக்கு வருமுன்பே அயலவர் யார், அவர்களின் பிள்ளைகள் எந்தப் பாடசாலை என்பதெல்லாம் தெரிந்துவிடுகிறது. முகநூல் பக்கத்தில் நத்தார், புதுவருட, தீபாவளி வாழ்த்துகள் தவறாமல் வருகின்றன. இதை வெறும் விளம்பர வித்தை என்று தள்ளிவிட நான் தயாரில்லை. தனித்தனியாக வந்தவர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்வது நல்லதுதான். ஆனால் காணியைக் கையில் வைத்திருக்கும் கம்பனியைச் சுற்றி ஒரு மக்கள் கூட்டம் வளர்ந்தால் அதன் கதி என்ன என்பதை அறிய விளம்பரங்களைப் புரட்ட வேண்டாம். ஹப்புத்தளையிலிருந்து மடுல்சீமை வரை பதுளை மாவட்டத்துத் தோட்டங்களில் அந்தப் பரிசோதனை நூற்றாண்டுக்கு மேலாக நடந்துவருகிறது. அதன் முடிவு ஓரளவு தெரிந்தும்விட்டது. கம்பனி கூட்டிவைத்த சமூகம் கம்பனிக்குத் தேவை இருக்கும்வரைதான் நிற்கும். அதற்கு அப்பாலும் நிற்க வேண்டுமானால், குடியிருப்பவர் பெயரில் காணி உறுதி வேண்டும். அவர்களே தலைவரைத் தெரிவுசெய்யும் சங்கமும் வேண்டும். ஊவாத் தோட்டங்களில் இரண்டும் இன்னும் அரைகுறையாகவே இருக்கின்றன.

கொழும்பு மாடிவீட்டுக்காரருக்குச் சட்டம் துணை நிற்கிறது. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க மாடிவீட்டு உரிமைச் சட்டம், வீடுகளை வாங்கியவர்கள் எல்லோரையும் சேர்த்துச் சட்ட ஆளுமையுள்ள ஒரு கூட்டுத்தாபனமாக்குகிறது. படிக்கட்டு, தண்ணீர்த் தொட்டி, வாகனத் தரிப்பிடம் எல்லாம் அதன் பொறுப்பு. அந்த அமைப்பு வங்கிக் கணக்குத் திறக்கலாம், வழக்குத் தொடரலாம். கட்டிய கம்பனிமீதே தொடரலாம். நடைமுறையில் இழுபறிகள் இல்லாமல் இல்லை. ஆனாலும் கம்பனி விற்றுவிட்டு விலகிய பிறகும் குடியிருப்பு ஒரு அமைப்பாக நிலைப்பதற்கு வழி இருக்கிறது. வட்ஸ்அப் குழு அதற்கு மேல் பூசிய வர்ணம் மட்டுமே.

தோட்டத்தில் நிலைமை வேறு. 1970களில் அரசுடைமையான தோட்டங்களின் நிருவாகம் 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது. காணி அரசினுடையதாகவே இருக்க, கம்பனிகளுக்கு 2045 வரை குத்தகை கிடைத்தது. அதே காலத்தில் அரசு, கம்பனிகள், தொழிற்சங்கங்கள் மூன்றும் சேர்ந்த ஒரு நம்பகம் வீடமைப்புக்கென்று உருவானது. இன்று பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நம்பகம் எனப்படுவது அதுதான். அதன் ஏற்பாட்டில் தோட்டந்தோறும் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்கள் பதிவாகின. உறுப்பினர் கடன் எடுப்பார், உடலுழைப்பும் கொடுத்து வீடு கட்டுவார், மாதத் தவணை செக்ரோல் எனும் தோட்டச் சம்பளப் பதிவேட்டில் சம்பளத்திலிருந்து வெட்டப்படும். காகிதத்தில் அழகான திட்டம். ஆனால் பல தோட்டங்களில் சங்கத்தின் தலைவர் நாற்காலியில் தோட்ட அதிகாரியே அமர்ந்தார். கணக்குப் புத்தகம் தோட்டக் காரியாலயத்தில் இருந்தது. கூட்டம் எப்போது என்பதையும் காரியாலயமே சொன்னது. கடன் முழுவதையும் கட்டி முடித்த குடும்பங்கள் பல, காணி உறுதி இல்லாமலே இருக்கின்றன. கூட்டுறவு என்பது உறுப்பினர் தாமே ஆளும் அமைப்பு. கடன்காரரின் சம்பளத்தைக் கையில் வைத்திருப்பவர் அதற்குத் தலைவராக இருந்தால் அங்கே மிஞ்சுவது வசூல் பிரிவு மட்டும்தான்.

இதைவிடப் பெரிய சிக்கல், இந்த அமைப்பு தொழிலாளரை மட்டும் மனதில் வைத்து அமைந்தது என்பது. பசறையிலோ நமுனுகுலையிலோ இன்று லயத்தில் குடியிருப்பவர்களில் பெரும்பாலானோர் கம்பனியின் பதிவுத் தொழிலாளர் இல்லை. கொழும்பில் கடைச் சிப்பந்தியாகவும் தைத்த ஆடைத் தொழிற்சாலையிலும் வேலைசெய்பவர், வளைகுடாவில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருப்பவர், ஆசிரியர், பல்கலைக்கழகத்தில் படிப்பவர் என்று குடும்பங்கள் பரந்துவிட்டன. கம்பனியின் பேரேட்டில் இவர்களுக்கு இடமில்லை. இவர்கள் சந்திக்கும் இடம் கைத்தொலைபேசிதான். தோட்டத்துக்கு ஒரு குழு, கோயில் திருவிழாவுக்கு ஒன்று, பாடசாலைப் பழைய மாணவருக்கு ஒன்று. மரணச் செய்தி முதலில் அங்கேதான் வருகிறது. பாதை உடைந்தால் படமும் அங்கேதான் வருகிறது. திருவிழாவுக்கு மத்திய கிழக்கிலிருந்து பணமும் அதன் வழியாகவே சேர்கிறது. ஒரு தோட்டத்தின் மெய்யான குடிசனப் பதிவேடு எது என்று கேட்டால், செக்ரோலைவிட இந்தக் குழுக்களையே காட்டுவேன். ஆனால் அந்தக் குழுவின் பெயரில் ஒரு பேர்ச் காணிகூட எழுத முடியாது. அதன் கோரிக்கைக்குப் பிரதேச செயலகம் பதில் எழுதக் கடமைப்பட்டதும் இல்லை. சட்ட ஆளுமை உள்ள சங்கத்தில் இந்த மக்கள் இல்லை. இந்த மக்கள் இருக்கும் இடத்துக்குச் சட்ட ஆளுமை இல்லை.

சட்டப் பிடிமானம் இல்லாத சமூகம் குத்தகை முடியும்போது என்னவாகும் என்பதற்குக் கடலுக்கு அப்பால் ஒரு பாடம் இருக்கிறது. திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலைத் தோட்டங்களைச் சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. அந்தக் கெடு 2028இல் முடிகிறது. ஆனால் கம்பனி 2024இலேயே விருப்ப ஓய்வு அறிவித்துத் தொழிலாளரை மலையிலிருந்து இறங்கச் சொல்லிவிட்டது. தலைமுறைகளாக அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கோயில், தேவாலயம், பள்ளி, நட்பு, பகை எல்லாம் இருந்தன. காணி மட்டும் இல்லை. அரசின் தேயிலைத் தோட்டக் கழகம் தோட்டத்தை ஏற்று நடத்த வேண்டும் என்று கேட்ட மனுக்களைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 டிசம்பரில் ஏற்கவில்லை. மாஞ்சோலை காட்டுக்குள் இருந்தது, புலிகள் காப்பகச் சட்டம் குறுக்கே நின்றது என்பது உண்மை. ஊவாவில் அந்தத் தடை இல்லை என்பதும் உண்மை. இருந்தாலும் குத்தகைக் காணியில் கட்டிய ஊர் குத்தகைக்காரரின் கணக்கோடு முடிந்துபோகலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

கம்பனியில் தொழிலாளருக்குப் பங்கு கொடுத்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு மூணாறு பதில் சொல்கிறது. 2005இல் டாடா விலகியபோது அங்கே உருவான கண்ணன் தேவன் மலைத் தோட்டக் கம்பனியில் ஊழியர்களே பெரும்பான்மைப் பங்குதாரர்கள். பத்தாண்டு கழித்து, 2015 செப்டெம்பரில், அந்தப் பங்குதாரர்களான பெண்கள்தான் ஆயிரக்கணக்கில் வீதிக்கு வந்தார்கள். பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவிட்டுப் பெண்பிள்ளை ஒருமை என்ற பெயரில் போனஸும் கூலியும் கேட்டார்கள். பங்குப் பத்திரம் இருந்தும் குடியிருந்த லயம் கம்பனியுடையதாகவே இருந்தது. 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் மலை சரிந்து எழுபது பேரோடு புதைத்ததும் அதே கம்பனியின் லயங்களைத்தான்.

நமக்கு மீரியபெத்தை அதற்கு முன்பே நடந்துவிட்டது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தைக்கு அருகே லய வரிசைகள் மண்ணுக்குள் போயின. முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்தோ காணாமலோ போனார்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மக்கள்தான் வெளியேறவில்லை என்றார்கள் அதிகாரிகள். எங்கே போவது என்று கேட்டார்கள் மக்கள். இதில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்வதைவிட முக்கியமான விடயம் ஒன்று உண்டு. தன் பெயரில் காணியுள்ள கிராமத்தவர் அபாய அறிவித்தல் கிடைத்தால் மாற்றுக் காணியோ நட்டஈடோ கோரலாம், ஈடு வைத்துக் கடன் வாங்கலாம், விற்றுவிட்டும் போகலாம். லயத்தவருக்கு இவற்றில் எதுவும் இல்லை. எச்சரிக்கையை ஏற்றுப் பேரம் பேசும் தகுதியுள்ள சங்கமும் இல்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின் மழையில் பதுளை மாவட்டத்தில் மலைச்சரிவுகள் மறுபடியும் இறங்கியபோதும், லயத்தவர் வீட்டு உரிமையாளர் கணக்கில் வருவாரா என்ற பழைய கேள்வியே எழுந்தது.

மறுப்புகள் உண்டு, சில நியாயமானவை. நாங்கள் குத்தகைக்காரர்தான், எங்களால் உறுதி எழுத முடியாது, காணியை விடுவித்தால் பயிர் நிலம் குறையும் என்கின்றன கம்பனிகள். முதற்பாதி உண்மை. அதனால்தான் வீட்டுக்கு ஏழு பேர்ச் என்ற முடிவை அரசு எடுத்தது. 2018இல் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அதிகாரசபையைச் சட்டமாக்கியது. இரண்டாம் பாதியைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஏக்கருக்கு 160 பேர்ச். ஏழு பேர்ச் வீதம் ஆயிரம் குடும்பத்துக்குக் கொடுத்தாலும், பாதை நீங்கலாக, 44 ஏக்கருக்கு மேல் போகாது. துரை பங்களாக்களைச் சுற்றுலா விடுதியாக்கவும், மரம் வளர்த்து வெட்டி விற்கவும், ஓடைகளில் சிறு நீர்மின் நிலையம் அமைக்கவும் காணி ஒதுக்க முடிகிற துறைக்கு இது தாங்காத சுமை இல்லை. தேயிலைக் கம்பனி என்று சொல்லிக்கொண்டாலும் இவற்றில் சில காணிக் கம்பனிகளாக மாறிவருவது எல்லோரும் காணக்கூடியதுதான். இதே பதுளை மாவட்டத்தில், மகியங்கனைப் பக்கம், மகாவலிக் குடியேற்றவாசிக்கு இரண்டரை ஏக்கர் வயலோடு வீட்டுக்கென்று அரை ஏக்கர் கொடுக்கப்பட்டது. அரை ஏக்கர் என்றால் எண்பது பேர்ச். எண்பதுக்கும் ஏழுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கம்பனிகளின் இலாப நட்டக் கணக்கால் விளக்க முடியாது.

உறுதி கொடுத்தால் அடுத்த மாதமே வெளியாருக்கு விற்றுவிடுவார்கள், எல்ல நகரைப் போல உல்லாச விடுதிகள் முளைக்கும், சமூகம் கலைந்துபோகும் என்பது இன்னொரு வாதம். விற்கும் உரிமை இல்லாமல் மனிதரை ஓரிடத்தில் கட்டிவைத்தால் அது சமூகமாகாது என்பது என் அபிப்பிராயம். ஆயினும் அச்சத்துக்கு இடம் உண்டு. எல்லவில் காணி விலை ஏறியதைப் பதுளையில் அறியாதவர் இல்லை. இதற்கு நம்மிடமே பழைய வழி இருக்கிறது. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் கிராமத்தவருக்குக் காணி கொடுத்தபோது கைமாற்றத்துக்கு நிபந்தனை போட்டது. அதே முறையில் வீட்டுக் காணி குடும்பத்தின் பெயரிலும், விளையாட்டு மைதானம், நீரூற்று, மயானம் போன்றவை சங்கத்தின் பெயரிலும் இருக்கலாம். நிபந்தனை சில ஆண்டுகளுக்குப் போதும், பரம்பரைக்கும் வேண்டாம்.

கம்பனி விலகினால் பாதையையும் தண்ணீரையும் பிள்ளை மடுவத்தையும் யார் பார்ப்பது என்ற கேள்விக்கு மட்டும் என்னிடம் முழுப் பதில் இல்லை. 2018இன் 30ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் பிரதேச சபைகள் தோட்டத்துக்குள் பணம் செலவிட வழி திறந்தது. அதற்கு முன் தோட்டத்தவர் வாக்களிக்கலாம், ஆனால் சபையால் அவர்களின் பாதைக்கு ஒரு லோட் கல் கொட்ட முடியாது. அந்த அநியாயம் நீங்கியது பெரிய விடயம். சபைகளின் வருமானம் போதாது என்பதும் மெய். கூட்டுறவு மாகாண சபையின் அதிகாரத்தில் உள்ள விடயம். ஊவா மாகாண சபைக்குக் கடைசித் தேர்தல் நடந்ததோ 2014இல். அதன் காலம் 2019இல் முடிந்த பின் மக்கள் தெரிவுசெய்த சபையே இல்லை. சங்கங்களைச் சீர்திருத்தக் கேட்க வேண்டிய இடமே காலியாகக் கிடக்கிறது. தொழிலாளர் கையில் சங்கம் போனால் கட்சிச் சண்டையும் கையாடலும் வரும் என்பதையும் மறுக்க மாட்டேன். கட்சி இல்லாத தோட்டம் எங்கே இருக்கிறது? ஆனால் கணக்காய்வு செய்யக் கூட்டுறவுத் திணைக்களம் இருக்கிறது. திருடிய தலைவரை வாக்கெடுத்து இறக்கலாம். தோட்ட அதிகாரியை அப்படி இறக்க முடியாது. கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்களாக இருந்தும் எந்தக் கமிட்டியிலும் ஆண்களே பேசுகிறார்கள் என்ற குறையும் தேர்தல் வந்தால்தான் தீரத் தொடங்கும்.

இந்திய உதவி வீட்டுத் திட்டத்தின்கீழ் 2,000 பேருக்கு வீட்டு உரிமை ஆவணங்கள் 2025 ஒக்டோபர் 12ஆம் திகதி பண்டாரவளையில் வழங்கப்பட்டன. அது காணி உறுதிதானா என்ற வாதம் கிளம்பியது. கையில் உள்ள தாள் உறுதியா கடிதமா என்று குடிமகனே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை அரசுக்குப் பெருமை இல்லை. குத்தகை முடிய இன்னும் இருபது ஆண்டு இருக்கிறது என்று எண்ணலாம். மாஞ்சோலையில் கம்பனி கெடுவுக்கு நான்கு ஆண்டு முன்பே கடையைக் கட்டியது. எனவே ஊவாவில் வீடமைப்புச் சங்கத்தில் பெயருள்ளவர்கள் அடுத்த பொதுக்கூட்டத்தைக் கூட்டும்படி எழுத்தில் கேளுங்கள்; தலைவர் பதவிக்கு உங்களில் ஒருவரை நிறுத்துங்கள்; கடன் பேரேட்டின் பிரதியை வாங்கிக்கொள்ளுங்கள். கொழும்பிலும் கட்டாரிலும் இருக்கும் பிள்ளைகள் தோட்டக் குழுவில் திருவிழாப் படம் போடுவதோடு நில்லாமல், தங்கள் பெற்றோரின் கடன் கட்டி முடிந்ததா, உறுதி எங்கே என்றும் அதே குழுவில் கேட்க வேண்டும்.